ரோஜாப்பூ கொடுத்தோம், ராஜினாமா கடிதம் வந்தது

கேள்வி: கோத்தகிரியில் 40 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். எங்களிடம் 22 செவிலியர்கள், அதில் மூன்று பேர் ஆண்கள். போன வருஷம் மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டி, ஆளுக்கொரு ரோஜாப்பூவும் ‘வெள்ளுடை தேவதை’ என்று அச்சடித்த காபிக் கோப்பையும் கொடுத்தோம். ஏறத்தாழ 25,000 ரூபாய் செலவு. பத்தே நாளில், அனுபவமுள்ள இரண்டு பேர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். கோப்பைகளில் பாதி இன்னும் பேன்ட்ரியில் பெட்டியோடு கிடக்கிறது. ‘இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே’ என்று மேலிடத்தில் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வருஷம் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘சிறந்த செவிலியர்’ விருது வைக்கலாமா? வேறு என்ன செய்யலாம்? அவர்களை நான் உண்மையாகவே மதிக்கிறேன். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, கடைசிப் பதினொரு வருஷம் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மலையிலேயே நாலு ஆஸ்பத்திரிகள் பார்த்தாகிவிட்டது. ‘எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை’ என்று ஒரு நிர்வாக அலுவலர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் தேதி. மே 12 என்பது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். 1820-இல் பிறந்தவர். 1965 முதல் சர்வதேச செவிலியர் மன்றம் செவிலியர் தினத்தைக் கொண்டாடி வருகிறது. உலகத்துக்கு அது நல்ல நாள். ஆனால் நீலகிரிக்கு அது சீசனின் நட்டநடு நாள். உங்கள் ஊரில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி எல்லாமே அந்த மாதத்தில்தான். குஞ்சப்பனை வழியாக ஏறி வருகிற வண்டிகளில் பாதிப் பேருக்கு வாந்தி, மீதிப் பேருக்கு மூச்சுத் திணறல். மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்து கவிழ்ந்தவர்கள் வேறு. கேஷுவாலிட்டியில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாளில், காலை பதினொரு மணிக்கு வார்டில் இருப்பவர்களை ஹாலுக்குக் கூப்பிட்டிருப்பீர்கள். ராத்திரி டூட்டி முடித்தவர்களை ‘கொஞ்சம் இருந்துட்டுப் போங்க’ என்று நிறுத்தியிருப்பீர்கள். அந்த அரைமணி நேரம் வார்டில் ஓட வேண்டிய டிரிப்ஸும் கொடுக்க வேண்டிய மருந்தும் அப்படியே காத்திருந்திருக்கும். கைதட்டி முடிந்ததும் ஓடிப்போய் அதையெல்லாம் செய்தவர்களும் அவர்கள்தான். கண் எரிய எரிய ஹாலில் நின்று கைதட்டிய நைட் டூட்டி நர்ஸாக நானும் இருந்திருக்கிறேன். அன்றைக்குக் கேக்கை விட எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது.

ஆகவே இந்த வருஷம் மே 12 அன்று ஹாலுக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். இனிப்பையோ வர்க்கியையோ நீங்களே தட்டில் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போங்கள். மூன்று ஷிப்டுக்கும் போங்கள், முக்கியமாக ராத்திரி ஒன்பது மணிக்கு. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்தை ஜூன் மாதம் சீசன் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர்களுடைய வீட்டு ஆட்களையும் கூப்பிடலாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டிக் கொடுக்கிற அம்மாவோ மாமியாரோ கணவரோ இல்லாமல் உங்கள் மார்னிங் ஷிப்ட் நடப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1996 டிசம்பர். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். அங்கே சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் ஒரு தேயிலை பறிக்கிற அம்மாவுக்குப் பிரசவம் ஆகியிருந்தது, இரண்டாவது குழந்தை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாடி பார்த்தேன், 88. பன்னிரண்டரைக்கு 104. பி.பி. 110/70, நன்றாகத்தான் இருந்தது. ரத்தப்போக்கும் பார்வைக்குப் பெரிதாக இல்லை. ஆனால் வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை கெட்டியாகாமல் மெத்தென்று இருந்தது. வயிற்றைத் தேய்த்துவிட்டபடியே டாக்டர் குவார்ட்டர்ஸுக்கு ஃபோன் அடிக்கச் சொன்னேன். ‘பி.பி. நல்லாத்தானே இருக்கு, காலைல பாக்கறேன்’ என்றார். பத்து நிமிஷம் கழித்து நாடி 124. மறுபடி அடித்தேன். குல்லாவும் ஸ்வெட்டருமாக, டார்ச் அடித்துக்கொண்டு, உறைபனி படிந்த மேட்டிலிருந்து இறங்கி வந்தார். உள்ளே கட்டி கட்டியாக ரத்தம் தேங்கியிருந்தது. விடிவதற்குள் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

இதில் பெரிய சாகசம் ஒன்றுமில்லை. உடம்பில் ரத்தம் குறைந்தால் முதலில் நாடிதான் ஏறும், பி.பி. கடைசியில்தான் விழும். எந்த நர்ஸுக்கும் தெரிந்த பாடம். நான் சொல்ல வந்தது மறுநாள் காலை நடந்ததை. ரவுண்ட்ஸில் மேட்ரன், மற்ற நர்ஸ்கள், ஆயாம்மா எல்லாரும் நிற்கும்போது டாக்டர் நின்று சொன்னார்: “நேத்து ராத்திரி பல்ஸ் 124 ஆனதும் இந்த சிஸ்டர் என்னை ரெண்டாவது தடவையா கூப்பிட்டாங்க. மொதல் தடவை நான் எழுந்திரிக்கலை. பி.பி. விழட்டும்னு இவங்க காத்திருந்தா கேஸ் கைவிட்டுப் போயிருக்கும்.” அதையே நைட் ரிப்போர்ட் புத்தகத்திலும் நேரம் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தமே அரை நிமிஷம். அதற்கப்புறம் வேறொரு இடத்தில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் ஆறு வருஷம் நான் அங்கிருந்து நகரவில்லை.

அவர் என்னை தேவதை என்று சொல்லவில்லை, பாருங்கள். எத்தனை மணிக்கு, நாடி எவ்வளவு, நான் என்ன செய்தேன், தான் எங்கே தவறினார் என்று சொன்னார். என் வேலையை ஒருவர் புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. உங்கள் கோப்பையில் இல்லாமல் போனது அதுதான். ‘வெள்ளுடை தேவதை’ என்று எழுதுவது நல்லெண்ணத்தில்தான், எனக்குத் தெரியும். ஆனால் தேவதைக்குப் பசிக்காது, தூக்கம் வராது, கால் வீங்காது, சம்பள உயர்வும் தேவைப்படாது. நைட்டிங்கேலையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கேந்திய மங்கை என்று படம் போடுகிறோம். அந்த அம்மா வாழ்நாள் முழுக்கப் போராடியது காற்றோட்டத்துக்கும் சுத்தமான தண்ணீருக்கும் சாக்கடைக்கும். எத்தனை சிப்பாய்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து, வட்டப்படம் வரைந்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை, ஆனாலும் நம் ஊர்க் குடிநீரையும் வடிகாலையும் பற்றிப் பல வருஷம் எழுதினார். அவர் பெயரில் கொண்டாடுகிற நாளில் ‘உங்க வார்டுல என்ன குறை’ என்று கேட்பதுதான் பொருத்தமாக இருக்கும்.

‘நான் டாக்டர் இல்லையே, யார் என்ன நல்லது செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். நர்ஸ் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாகச் செய்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. பக்கவாதத்தில் நாற்பது நாள் படுத்த தாத்தாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்றால், ராத்திரி பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரோ அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி வராது. பாத்ரூமில் யாரும் வழுக்கி விழவில்லை, ஊசி போட்ட கை வீங்கவில்லை, பெயர் ஒன்றுபோல இருக்கிற இரண்டு மருந்து மாறிப் போகவில்லை. நடக்காமல் போனவற்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அதற்கு நான் கண்ட வழி, ஹேண்டோவர் நேரத்தில் போய் நிற்பது. வாரத்துக்கு இரண்டு நாள் காலை ஷிப்ட் மாறும்போது வார்டில் ஓரமாக நில்லுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், தப்புக் கண்டுபிடிக்க வேண்டாம், காதைத் திறந்து வைத்தால் போதும். ஒரு மாதத்தில் உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாரம் ஒருமுறை ‘யார் கண்ணிலும் படாம போன நல்ல வேலை எது?’ என்று கேளுங்கள். வருகிற பதிலை உங்கள் கையெழுத்திலேயே, தேதி போட்டு, நாலு வரி எழுதி உரியவரிடம் கொடுங்கள். அதன் நகலை அவருடைய பெர்சனல் ஃபைலில் வையுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஒரு நர்ஸின் ஃபைலைத் திறந்து பாருங்கள், லேட்டாக வந்ததற்கு மெமோ, லீவு போட்டதற்கு விளக்கம், அவ்வளவுதான் இருக்கும். பத்து வருஷம் செய்த நல்லதுக்கு ஒரு காகிதம்கூட இருக்காது. இன்க்ரிமென்ட் பேச உட்காரும்போது அந்த ஃபைல்தான் அவருக்காகப் பேச வேண்டும்.

நோயாளிகள் எழுதுகிற கடிதங்களும் அப்படித்தான். இணையத்தில் உங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறவர்கள் டாக்டர் பெயரைப் போடுவார்கள், ‘நர்ஸ்களும் நன்றாகக் கவனித்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘எந்த சிஸ்டர், எந்த பிரதர் என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க’ என்று கேட்டு எழுதி வாங்க ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் கேரட்டோ கீரையோ கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம், பணம் கூடாது என்று ஒரே விதியாக எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஐம்பது ரூபாயைக் கையில் திணிக்கும்போது வேண்டாம் என்று சொல்வதற்கு அவர்களுக்கும் ஒரு பிடிப்பு வேண்டும்.

அடுத்தது, அவர்களைத் தினமும் தேய்க்கிற விஷயங்கள். உங்கள் 40,000 ரூபாய்க்கு வேலை இங்கேதான்.

சில வருஷங்களுக்கு முன் ஜனவரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். உடை மாற்றும் அறையில் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நம் ஊர் மார்கழி, தைக் குளிரில் எண்ணெய் கல்லாக உறைந்து போகுமே, அதை உடம்புச் சூட்டில் உருக்குகிறாள். எதற்கும்மா என்றேன். கையை விரித்துக் காட்டினாள். விரல் கணுக்கள் எல்லாம் வெடித்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனை தடவை என்று எண்ணி முடியாது. தண்ணீரோ பனிக்கட்டி மாதிரி. வெடித்த தோலில் ஹேண்ட்ரப், அதாவது கையில் தேய்க்கிற கிருமிநாசினி பட்டால் எரிச்சல் உச்சி வரை போகும். “எரியறதுக்குப் பயந்து சில நேரம் கழுவாமலே விட்டுடறேன் மேடம்” என்று மெதுவாகச் சொன்னாள். அங்கே கீசர் பழுதாகி ஏழு மாதம். அந்த வருஷமும் செவிலியர் தினத்துக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். கையில் வெடிப்பு இருந்தால் அவளுக்கும் தொற்று, நோயாளிக்கும் தொற்று. உங்கள் இடத்தில் நர்ஸ்கள் கை கழுவுகிற எல்லா இடத்திலும் வெந்நீர் வருகிறதா என்று இன்றைக்கே குழாயைத் திறந்து பாருங்கள். வராத இடத்துக்கு கீசர் வாங்குங்கள். கூடவே வாசனை இல்லாத நல்ல கை கிரீம், ஸ்டோரிலிருந்து கையுறை வருவது போல மாதாமாதம் வரட்டும். நைட் டூட்டி அறைக்கு நல்ல கம்பளிகள். எல்லாவற்றுக்கும் போக மிச்சத்தில் ஜூன் விருந்து.

பணம் கேட்காத, ஆனால் மனசு கேட்கிற விஷயம் ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை. எட்டு, இரண்டு, எட்டு என்று ஷிப்ட் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு நோயாளியாக ஒப்படைத்து, மருந்து இருப்பு எண்ணி, பூட்டில் இருக்கிற மருந்துச் சாவியைக் கொடுத்து, ஆக்சிஜன் சிலிண்டர் பார்த்துக் கிளம்ப அரைமணிக்கு மேல் ஆகும். அந்த அரைமணிக்குச் சம்பளமும் இல்லை, அது டூட்டி என்ற பெயரும் இல்லை. சமவெளியில் இது வெறும் தாமதம். நம் மலையில் கடைசி பஸ்ஸே போய்விடும். அப்புறம் கிராமத்துக்குப் போகிற ஜீப்புக்குக் காத்திருந்து, இறங்கி, தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். எதிரே காட்டெருமை நிற்குமா, கரடி வருமா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே போகிற பெண்கள் உங்கள் ஊழியர்களிலும் இருப்பார்கள். ஒருமுறை அவர்களோடு போய்ப் பாருங்கள். ஷிப்டுகள் அரைமணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி ரோஸ்டர் போட்டு, அந்த நேரத்தையும் டூட்டியாகக் கணக்கிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு இறங்குகிறவர்களை வீட்டு வாசல் வரை விட ஒரு வண்டிக்கு மாதப் பேச்சு பேசுங்கள். இது 40,000-க்குள் அடங்காது, மேலிடத்தில் தனியாகத்தான் கேட்க வேண்டும். கேளுங்கள். இதற்காக நீங்கள் வாதாடினீர்கள் என்பது தெரிந்தாலே அவர்களுக்கு ஒரு தெம்பு.

ரோஸ்டரை ஒரு மாதம் முன்பே ஒட்டிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு உனக்கு நைட்’ என்று அனுப்புவது குடும்பம் நடத்துகிறவளுக்குச் செய்கிற அவமரியாதை. பண்டிகை லீவை நவம்பரிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். படுகர் வீட்டுப் பெண்ணுக்கு ஹெத்தையம்மன் பண்டிகை, கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு ஓணம், இன்னொருத்திக்குப் பொங்கலோ ரம்ஜானோ. எல்லாருக்கும் எல்லா நாளும் முடியாது. அவரவருக்கு மனசில் பெரிய நாள் எது என்று கேட்டு, அந்த ஒரு நாளையாவது உறுதியாகக் கொடுத்துவிட்டால், மற்ற நாட்களை அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

நாற்காலி பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. ஆனால் நிர்வாகி ரவுண்ட்ஸ் வந்தால் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருக்கிற நர்ஸ் துள்ளி எழுந்து நிற்கிற வழக்கம் இன்னும் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நீங்கள் வரும்போது ‘உக்காந்து எழுதுங்க சிஸ்டர்’ என்று சொல்லுங்கள்.

இப்போது சொல்லப் போவது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பெயர் வேண்டாம், ஓர் ஆஸ்பத்திரி. நோயாளிக்குத் துணையாக இருந்த ஒருவர் நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து, டிரிப்ஸ் மாற்றத் தாமதமாகிவிட்டது என்று ஒரு நர்ஸைக் கேட்கக் கூசுகிற வார்த்தையில் திட்டினார். அந்த நேரத்தில் அவள் பக்கத்துக் கட்டிலில் ஃபிட்ஸ் வந்த குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் மேனேஜர் வந்து, ‘கஸ்டமர் போயிடுவாங்க’ என்று சொல்லி, அவளைப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டாள். நான் இன்சார்ஜாக இருந்தும் தடுக்காமல் நின்றேன். அவள் அப்புறமும் இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தாள், ஆனால் சிரித்து நான் பார்க்கவில்லை. உங்கள் நர்ஸ்களுக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அப்படி ஒரு நேரத்தில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்பது. மருத்துவப் பணியாளர்கள்மீது வன்முறை செய்தால் தண்டிக்க 2008-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, அது நர்ஸ்களையும் காக்கும். அதை எல்லா வார்டிலும் தமிழில் எழுதி மாட்டுங்கள். ‘புகார் கொடுக்கணும்னா நான் கூட வரேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். டாக்டர்களிடமும் பேசுங்கள். தவறு நடந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். நோயாளி கட்டிலருகே, அவருடைய சொந்தக்காரர்கள் பார்க்க, ஒரு நர்ஸை எடுத்தெறிந்து பேசிவிட்டால் அதன்பின் அந்த நோயாளி அவள் சொல்கிற எதையும் கேட்க மாட்டார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, நம் மலையில் மட்டும் கூடுதலாக இருப்பது. படுகர்களின் மொழியான படுகு மட்டும் பேசுகிற பாட்டி வருவார். சரிவில் இருக்கிற பதியிலிருந்து, அதாவது பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, இருளரோ குறும்பரோ வருவார்கள், வலி எங்கே என்று கேட்டால் வெறுமனே தலையாட்டுவார்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்க ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் நிறைமாதமாக வந்து நிற்பாள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அப்போது உங்கள் நர்ஸ்களில் ஒருத்தி தன் வீட்டில் பேசிய படுகிலோ, டி.வி. பார்த்துக் கற்ற உடைந்த இந்தியிலோ பேசி, டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். இது ஒரு திறமை. இதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் பத்தி இல்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், அந்தந்தச் சமூகத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸ்களாக்கினார்கள். தன் மொழி பேசுகிறவள் ஊசி போட வரும்போது நோயாளிக்குப் பாதி பயம் போய்விடும் என்பது அங்கே போனால் கண்கூடாகத் தெரியும். உங்களிடம் யாருக்கு என்ன மொழி தெரியும் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் ஃபைலிலாவது எழுதுங்கள்.

‘சிறந்த செவிலியர்’ விருது வேண்டாம். 22 பேர் இருக்கிற இடத்தில் ஒருவருக்குக் கொடுத்தால் 21 பேருக்குக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த ஆறு மாதம் அதே பேச்சாக இருக்கும். போன வருஷம் அந்த மூன்று ஆண் நர்ஸ்களுக்கும் ‘தேவதை’ கோப்பையும் ரோஜாவும்தான் கொடுத்தீர்களா? அவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களை ‘பிரதர், இவரைத் தூக்கி வைங்க’ என்பதற்கு மட்டும் கூப்பிடாமல் இருந்தாலே பாதி மரியாதை. ஆயாம்மாவையும் வார்டு உதவியாளர்களையும் எந்த விருந்திலும் விட்டுவிடாதீர்கள். விருதுதான் வேண்டும் என்றால், மத்திய அரசு 1973 முதல் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது கொடுத்து வருகிறது. அதன் விதிகளின்படி தகுதியான ஒருவர் இருந்தால் அவருடைய விண்ணப்பத்தை நீங்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அவருக்கு அதற்கு நேரம் இருக்காது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, ஊசி. எல்லா நர்ஸுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் ஆஸ்பத்திரி செலவில் போட்டாகிவிட்டதா? முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஊட்டி உங்களுக்கு 30 கிலோமீட்டர். மழை பெய்து மரம் விழுந்தால் அந்த 30 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். முதல் டோஸ் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பர் சுவரில் இருக்கட்டும். குத்திக்கொண்டவளை ‘பாத்துப் போடக்கூடாதா’ என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, சம்பளம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைத்த நிபுணர் குழு 2016-இல், 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் ஆஸ்பத்திரி 40 படுக்கை. அந்தப் பரிந்துரை வந்த பிறகு அரிசி விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். அந்தத் தொகைக்குக் கீழே யாராவது இருந்தால், மேலிடத்துக்கு எடுத்துப் போக வேண்டிய முதல் காகிதம் அதுதான். சம்பளத்துக்குப் பதிலாக நன்றியைக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால், நீங்கள் மனசார எழுதுகிற நாலு வரியையும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக அந்த இரண்டு பேர். நீங்கள் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஏன் போனார்கள் என்று யாராவது கேட்டீர்களா? ஃபோன் போடுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். ‘நீங்க இங்க இருந்தப்ப எது கஷ்டமா இருந்துச்சு?’ என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதியதைவிட உபயோகமான பட்டியல் உங்களுக்குக் கிடைக்கும். அவர்களுடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் எதுவும் உங்கள் அலுவலக பீரோவில் இருந்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இப்போது வேலையில் இருக்கிறவர்களுடையது இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அனுபவச் சான்றிதழில் ‘நன்னடத்தை உடையவர்’ என்று மட்டும் அடித்து அனுப்பியிருப்பீர்கள். இன்னொன்று அடியுங்கள். எந்த வார்டில் எத்தனை வருஷம் இருந்தார், எத்தனை பேரைப் பழக்கிவிட்டார், எந்த மொழியெல்லாம் பேசி நோயாளிகளைத் தேற்றினார் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர், குன்னூர்